மூன்றாம் வரிக்கு முந்தைய மூச்சு

முதல் பதிவில் ஒரு மூச்சு இருக்கிறது.
'சனிக்கிழமை வரை இரு' என்று கெஞ்சப்போகிறவன்
மூன்றாம் வரிக்கு முன்னால்
நெஞ்சு கொள்ளாமல் இழுத்துக்கொள்ளும் காற்று.
நாற்பத்தைந்து சுற்றுத் தட்டு.
சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில்
இந்தக் கிரைண்டரையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன்
என்றான் கடைக்காரன்.
கிரைண்டர் ஒரு நாளும் ஓடியதில்லை.

தவனேசன் பேரம் பேசினான், நான் பணம் கொடுத்தேன்.
பாடியவன் பெயரை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
அமெரிக்கா, அறுபத்திரண்டு. மிச்சம் அவ்வளவுதான்.
ரிதம் அண்ட் புளூஸ் என்றான் தவனேசன்.
என் காதுக்கு அது திஸ்ரம்:
தகிட, தகிட என்று
நொண்டிக்கொண்டே மாடியேறும் ஒருவன்.

அப்புறம் அந்தப் பாட்டை
மறுபடி பாடியவர்களைத் தேட ஆரம்பித்தோம்.

கேலாங் சிராய்ப் பையன்கள் நால்வர், அறுபத்தேழில்,
சனிக்கிழமையை 'மாலாம் மிங்கு' ஆக்கியிருந்தார்கள்.
சொல்லுக்குச் சொல் ஞாயிற்றின் இரவு,
வழக்கத்தில் சனிக்கிழமைதான்.
ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன,
காத்திருப்பவளுக்கு.
ஆர்ச்சர்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் பிலிப்பினோப் பாடகி;
அவள் குரல் உடையும் இடத்தில்
யாரோ கரண்டியைக் கீழே போடுகிறார்.
எழுபத்தொன்பதில் டிஸ்கோ வந்து
நொண்டியை நிமிர்த்தி, தகதிமி என்று ஓடவிட்டது.
கான்டனீஸில் காதலே இல்லை,
மழையும் கிடைக்காத டாக்சியும்.
அங் மோ கியோ பாலிகிளினிக்கில்
சொல்லே இல்லாமல், வெறும் பியானோவாக,
வரிசை எண் அழைக்கும் மணிக்கு நடுவே.

எதிலும் அந்த மூச்சு இல்லை.
பாடினவர்கள் எல்லாரும் மூச்சு விட்டிருப்பார்கள்.
வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

முதலாவதுதான் பாட்டு,
மற்றதெல்லாம் ஜெராக்ஸ் என்பான் தவனேசன்.
நான் ஹோட்டல்காரி பக்கம்.
அவள் கெஞ்சவில்லை.
வரமாட்டான் என்று தெரிந்தே
சுவர்க்கடிகாரத்திடம் சொல்கிறாள்.
காத்திருத்தல் முல்லை என்று
உயர்நிலை இரண்டில் படித்தேன்.
பஃபலோ ரோட்டில் முல்லை முழம் மூன்று வெள்ளி,
சனிக்கிழமை என்றால் நாலு.

இதற்காகவா பிரிவார்கள் என்று கேட்டாள் என் தங்கை.
இதற்காகவும்தான்.
வீவக வீட்டை விற்றோம்.
அவன் முதல் பதிவை எடுத்துக்கொண்டான்.
பின்னால் வந்த பதினொன்றும் எனக்கு.
கிரைண்டரும்.

போன வாரம் தோ பாயோ பேருந்து நிலையத்தில்
அட்டை மாட்டிய தெருப்பாடகர் ஒருவர்,
கீபோர்டு பாட்டரி இறங்க இறங்க
சுருதியும் கூடவே இறங்க,
அதே பாட்டு.
இரண்டாம் வரி மறந்துபோய் லாலலா.
மூன்றாவதுக்கு முன் சட்டென்று நிறுத்தினார்,
சட்டைப்பையில் துழாவி இன்ஹேலரை எடுத்தார்,
உறிஞ்சினார், கண்ணை மூடினார்.
பிறகு சனிக்கிழமை வரை இருக்கச் சொன்னார்.

கைப்பேசியில் பிடித்துவிட்டேன்.
வீட்டுக்கு வந்து கேட்டால்
பேருந்துக் கதவு,
'அங்கிள், வெயிட்!' என்று ஓடும் யாரோ,
கூடவே பாட்டுக்குச் சேராமல் முனகும் ஒரு பெண்.
மூன்றாம் முறை கேட்டபோதுதான் தெரிந்தது
அது நான் என்று.

நான்கு வருஷமாக வாய் திறக்காத எண்ணுக்கு
அனுப்பிவைத்தேன்.
இரவு பதினொன்று நாற்பதுக்குப் பதில்:
'பதின்மூன்றா?'
'பன்னிரண்டு. முதலாவதை நான் எண்ணுவதில்லை.'

அவன் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள்
எழுந்தன, அமர்ந்தன,
மறுபடி எழுந்தன.
தகிட.
தகிட.

அன்று செவ்வாய்க்கிழமை.